சட்டைப்பைக் கேமராக்காரர்

ஹோபார்ட்டில் மழைக்குப் பஞ்சமில்லை, கடற்பறவைக்குப் பஞ்சமில்லை, அபிப்பிராயத்துக்கும் பஞ்சமில்லை. இவை மூன்றையும் தாண்டி இந்த ஊரில் தாராளமாக விளைகிற ஓர் உயிரினம் உண்டு. சட்டைப்பைக் கேமராக்காரர் என்று பெயர். பயப்படாமல் கிட்டே வாருங்கள். கடிக்காது. பேசும். அதுதான் ஆபத்து.

சட்டைப்பைக் கேமராக்காரர் என்றால் பையில் கேமரா வைத்திருப்பவர் என்று நினைத்தீர்களானால் ஏமாந்தீர்கள். பையில் வைத்துக்கொள்ள ஒரு கேமராவைத் தேடிக்கொண்டே இருப்பவர் அவர். போனில் எடுப்பது அவருக்கு ஆகாது. பிலிம் போடுகிற சின்னப் பழைய கேமராதான் வேண்டும். காட்டி அமுக்கினால் போதும், மற்றதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் சாவியோடும் பர்ஸோடும் பையில் போட்டால் நாள் முழுக்கச் சமர்த்தாகக் கிடக்க வேண்டும். படகில் நனைந்தாலும், மணலில் புரண்டாலும், பப்பில் மேசையிலிருந்து விழுந்து நாலு பேர் காலில் உதைபட்டாலும், துடைத்துவிட்டு மறுபடி அமுக்கினால் முகம் கோணாமல் வேலை செய்ய வேண்டும். நியாயமான ஆசைதானே? நியாயமான ஆசைதான். கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுவதும் நியாயமானதுதான். அதற்காக ஆயுசு முழுக்கப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தால்?

எங்கள் தெருவில் இந்த இனத்தின் அசல் மாதிரி ஒன்று குடியிருக்கிறது. பெயர் வார்விக். பல் வைத்தியர். நீங்கள் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தால், எந்தப் பல்லைப் பிடுங்குவது என்பதை நீங்கள் வாயை மூடுவதற்குள் முடிவு செய்துவிடுவார். என் பற்களில் இரண்டு அப்படிப் போனவைதான். அப்பேர்ப்பட்ட மனிதர், கையில் ஒரு பழைய கேமராவைக் கொடுத்தால் மட்டும் கல்யாணச் சத்திரத்தில் செருப்பைத் தொலைத்தவர் மாதிரி திருதிருவென்று விழிப்பார்.

இந்த இனத்தாருக்குத் தாய்மொழியில் ஒரே ஒரு சொல்தான். 'ஆனால்.' இது தண்ணீர் தாங்கும், ஆனால் இருட்டில் கண் தெரியாது. அதற்குக் கண் கழுகுக்கண், ஆனால் ஒருமுறை கீழே விழுந்தால் உயிர் போய்விடும். இன்னொன்று விழுந்தாலும் சாகாது, ஆனால் நாம் வேண்டாம் என்றாலும் தானாகவே பளிச்சென்று பிளாஷ் அடித்துப் பூனையைக்கூடத் திருடன் போலக் காட்டும். நாலாவது சொன்னபடி கேட்கும், ஆனால் பை கொள்ளாது. ஐந்தாவது பை கொள்ளும், ஆனால் அதன் பேட்டரியைச் செய்தவர்கள் செய்வதையே விட்டுவிட்டார்கள். இப்படிச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் எந்தக் குறையும் இல்லாத ஒன்றைக் கண்டுபிடிப்பார். அதை மெல்லத் திருப்பிப் பார்ப்பார். பெருமூச்சு விடுவார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு... ஆனா, மனசு ஒட்டலையே!"

வாங்குவதற்கு முன் ஒத்திகை உண்டு. பையில் கனம் எப்படித் தெரியும் என்று பார்க்க வேண்டாமா? வார்விக் ஒரு கேமராவின் நீள அகலத்தை அளந்து, அதே அளவில், அதே எடையில் ஒரு சோப்புக்கட்டியைத் தேடிப்பிடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு வாரம் திரிந்தார். பஸ்ஸில் ஏறினார், இறங்கினார், குனிந்து பல் பார்த்தார், சோப்பு எங்கே இடிக்கிறது என்று குறித்துக்கொண்டார். வாரக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. இந்த ஊர் மழை சொல்லிவிட்டா வரும்? நனைந்து வீட்டுக்குள் நுழைந்த மனிதரின் நெஞ்சிலிருந்து வெள்ளை வெளேரென்று நுரை பொங்கி இடுப்பு வரை வழிகிறது. லாவெண்டர் வாசனை தெருமுனை வரை. நான் அப்போது அவர் வீட்டுச் சமையலறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் மனைவி மெரின் பஸ் ஓட்டுபவர். ஒரு நாளில் நூறு விநோதங்களைப் பார்க்கிறவர். அவரே கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னப்பா இது, பொங்குற?"

"கேமரா."

"இது சோப்பு."

"கேமராவா நினைச்சுக்கிட்டேன்."

"சரி, அப்ப நனைஞ்சா தாங்காதுன்னு தெரிஞ்சுபோச்சு. அடுத்ததைப் பாரு."

வாங்கும் இடம் பெரும்பாலும் நகரசபைக் குப்பைமேட்டை ஒட்டிய கடை. நாம் எறிந்ததையெல்லாம் நமக்கே விற்பார்கள். சட்டைப்பைக் கேமராக்காரர்கள் அங்கே போகும்போது பையில் ஒரு பேட்டரியைத் தவறாமல் கொண்டுபோவார்கள், கிடைக்கிற கேமராவுக்கு உயிர் இருக்கிறதா என்று போட்டுப் பார்க்க. கவனியுங்கள்: தினமும் கையோடு கொண்டுபோவது பேட்டரி. கேமரா இல்லை. ஒருமுறை வார்விக் அங்கே ஒரு கேமராவைக் கண்டு சொக்கிப்போனார். "ட்ரெவர், இதான்! இத்தனை வருஷமாத் தேடினது இதைத்தான். யாருக்குத்தான் இதை எறிய மனசு வந்துச்சோ, பாவி!" என்று என்னிடம் கண்கலங்கச் சொன்னார். வீட்டில் போய்த் துடைத்துப் பார்த்தால் பேட்டரி மூடி உடைந்து ஒட்டப்பட்டிருக்கிறது. ஒட்டியிருந்தது பல்லுக்கு வைக்கிற சிமென்ட். இரண்டு வருஷத்துக்கு முன் 'மனசு ஒட்டலை' என்று அந்தப் பாவி எறிந்த கேமராதான்.

சரி, வாங்கியாயிற்று. இனியாவது பையில் போடுவார் என்கிறீர்களா? உங்களுக்கு இந்த இனம் இன்னும் பிடிபடவில்லை. எதற்கும் அசையாத கேமராவாகத் தேடி வாங்கியது, எதுவும் ஆகாமல் காப்பாற்றத்தான். அதற்கு ஒரு உறை. உறை அழுக்காகாமல் ஒரு பை. பை கசங்காமல் ஒரு டப்பா. டப்பா எந்தச் சட்டையிலும் நுழையாது என்பதால் அலமாரி. வானம் கறுத்தால், "மழை வரும்போல இருக்கு, கேமராவை வச்சுட்டு வந்துடறேன்" என்று திரும்பி ஓடுவார். தண்ணீர் தாங்கும் கேமரா அது. அதற்காகவே வாங்கினது!

படமே எடுக்கமாட்டார்களா? எடுப்பார்கள், எடுப்பார்கள். சோதனைப் படம். கேமராவின் கண் எவ்வளவு கூர்மை என்று பார்க்கச் செங்கல் சுவரைவிட உத்தமமானது வேறில்லையாம். இந்த ஊரில் செங்கல் சுவருக்கா குறைச்சல்? ஒரு பிறந்தநாள் விருந்தில் வார்விக் முப்பத்தாறு படம் கொண்டுவந்து காட்டினார். சுவர். சுவர். சுவர். நடுவில் ஒரு சுவர். "மூலையைப் பாருங்க, மூலையை! ஒவ்வொரு செங்கல்லும் எண்ணலாம்!" நாங்களும் வேறு வழியில்லாமல் எண்ணினோம்.

இனத்தார் இருவர் சந்தித்துக்கொண்டால் நடக்கிற சடங்கையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். ஒருவர் தன் கேமராவை மற்றவர் உள்ளங்கையில் வைப்பார். அவர் கண்ணை மூடி எடை பார்ப்பார். கட்டைவிரலால் தடவுவார். பிறகு, நாதஸ்வர வித்வான் சீவாளி சரிபார்க்கிற பாவத்தோடு, "சத்தம் கேக்கலாமா?" என்பார். ஒருமுறை அமுக்கிக் கேட்பார். "ஆகா!" அவ்வளவுதான். பெயர் கேட்க மாட்டார்கள். ஊர் கேட்க மாட்டார்கள்.

இப்படியே விட்டிருந்தால் வார்விக் பாட்டுக்கு யாருக்கும் தொந்தரவில்லாமல் தேடிக்கொண்டிருந்திருப்பார். மெரின் ஒரு படம் கேட்டதுதான் வினையாகிவிட்டது.

மெரின் சின்ன வயதில் டெர்வென்ட் ஆற்றில் முங்கி, யாரோ தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டுப் பிழைத்தவர். அதற்குப் பிறகு முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதே இல்லை. பயம். ஆற்றைப் பார்த்துக்கொண்டே தினமும் பாலத்தில் பஸ் ஓட்டினார். நாற்பத்தேழு வயதில் ஒருநாள் என்ன தோன்றியதோ, நீச்சல் வகுப்பில் ஐந்து வயதுக் குழந்தைகளோடு போய் நின்றார். பலகையைப் பிடித்துக்கொண்டு காலை அடித்தார், தண்ணீர் குடித்தார், திட்டினார், மறுநாளும் போனார். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு டெர்வென்டை அக்கரையிலிருந்து இக்கரைக்கு நீந்திக் கடப்பது என்று தீர்மானம். அதைச் சொன்ன அன்று வேலி ஓரம் நானும் நின்றிருந்தேன்.

"வார்விக், எனக்கு எதுவும் வாங்கித் தராதே. நான் நம்ம பக்கம் நட்குரோவ் மணல்ல கரையேறும்போது ஒரு படம் எடு. ஒண்ணே ஒண்ணு."

"போன்லயா?"

"போன்ல எடுத்தா அது மத்த ஆயிரத்தோட ஆயிரத்தொண்ணாப் போயிடும். பிலிம்ல எடு. சுவத்துல மாட்டணும். எனக்கே சில நாள் நம்பிக்கை வராது, அப்பப் பாத்துக்கணும்."

வார்விக்கின் முகம் பிரகாசமானது. இத்தனை வருஷத் தேடலுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதே! அடுத்த ஒன்றரை வருஷம் அவர் தேடிய தேடலைச் சொன்னால் இந்தப் புத்தகம் பத்தாது. மெரின் தண்ணீரில் பயின்றார், இவர் ஏலத்தில் பயின்றார். கடைசியில் மஞ்சள் ரப்பர் சட்டை போட்ட ஒரு கேமரா வந்து சேர்ந்தது. தண்ணீர் தாங்கும், மணல் தாங்கும், மிதக்கும்கூட. மனசும் ஒட்டிவிட்டதாம். எனக்கு நம்பவே முடியவில்லை.

பிப்ரவரி மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் மெரின் அக்கரை பெல்லரீவில் இறங்கிவிட்டார். துணைக்குச் சிறு படகில் ஒரு சிநேகிதி. இக்கரை நட்குரோவ் மணலில் நாங்கள் இருவர். என் ஒரு கையில் பெரிய துவாலை, மறு கையில் சூடான தேநீர்க் குடுவை. போன்களை வார்விக் காரில் வைத்துப் பூட்டிவிட்டார். படத்தின் ஓரத்தில் யாராவது போனும் கையுமாக நின்றால் அழகு கெட்டுவிடுமாம்.

காத்திருக்கிற நேரத்தில் சும்மா இருந்தாரா? படகுக் கொட்டகைச் செங்கல் சுவரை எடுத்தார். வெயில் மாறியது என்று மறுபடி எடுத்தார். மேகம் வந்தது என்று மறுபடி. ஒரு கடற்பறவை நடந்து போனது, மனம் இளகி அதற்கும் ஒன்று.

"வார்விக், பிலிம்ல எத்தனை மிச்சம்?"

எட்டிப் பார்த்தார். "ஒண்ணு."

"ஒண்ணா!"

"அவ கேட்டதும் ஒண்ணுதானே?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது.

தூரத்தில் ஒரு ஆரஞ்சுத் தொப்பி தெரிந்தது. எழும்பியது, மறைந்தது, எழும்பியது. அந்தத் தண்ணீரின் குளிரில் நான் கால் நனைக்கவே யோசிப்பேன். வார்விக் தண்ணீர் ஓரமாகப் போய், காலை அகட்டி நின்று, கேமராவை ஏந்திக்கொண்டார். "வந்துட்டா ட்ரெவர், என் பொண்டாட்டி வந்துட்டா!" என்றார். அந்த ஒரு நிமிஷம் அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

அப்போதுதான் பின்னால் ஒரு குரல்.

"தலைவா... அது... மஞ்சளா?"

கம்பளிக் குல்லா, தாடி, கயிற்றில் ஒரு நாய், கழுத்தில் ஒரு கேமரா. இனத்தான்.

வார்விக் திரும்பினார். திரும்பினார் என்றால் முழுசாக. ஆற்றுக்கு முதுகைக் காட்டி.

"மஞ்சள்தான்."

"முதல்ல வந்த மாடலா, ரெண்டாவதா வந்த மாடலா?"

"ரெண்டாவது. பிலிம் போடற கதவுல ரப்பர் வளையம் பாருங்க."

"அய்யோ, வளையம் உள்ளது! நாலு வருஷமாத் தேடறேன் தலைவா. எல்லாம் வளையம் போனதாவே மாட்டுது."

"வளையத்துக்குக் கிரீஸ் தடவணும். ஆனா..."

"வார்விக்!" என்று நான் கத்தினேன். "எந்திரிச்சுட்டா! இடுப்பளவு தண்ணியில நிக்கிறா!"

"ஒரு நிமிஷம் ட்ரெவர். ஆனா, ஜாஸ்தி தடவினா..."

"ரெண்டு கையையும் தூக்கறாப்பா! திரும்பு!"

எனக்கோ இரண்டு கையும் நிறைய. துவாலையை வீசினேன், அது நாய்மேல் விழுந்தது. தாடிக்காரரின் உள்ளங்கைக்குக் கேமரா ஏற்கனவே போய்விட்டது. கண்ணை மூடி எடை பார்த்தார். தடவினார். "சத்தம் மட்டும் கேட்டுக்கவா?" என்றார். எந்தக் காலத்தில் இந்த இனத்தில் ஒருவன் இதற்கு மாட்டேன் என்றிருக்கிறான்? வார்விக்கை நோக்கிப் பிடித்தார். வார்விக் பழக்கதோஷத்தில் சிரித்தார்.

கிளிக்.

"ஆகா!" என்றார்கள் இருவரும்.

அதன் பின் வேறொரு சத்தம். கிர்ர்ர்ர்ர். பிலிம் முடிந்துவிட்டது, தானாகச் சுருட்டிக்கொள்கிறது. காட்டி அமுக்கினால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று சொன்னேன் அல்லவா?

அந்த கிர்ர்ர் நிற்பதற்குள் மெரின் வந்து நின்றார். உதடு நீலம், உடம்பெல்லாம் நடுக்கம், முகத்தில் மட்டும் ஊரையே வாங்கிவிட்ட சிரிப்பு.

"எடுத்தியா?"

ஆயுசு முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொன்ன மனிதர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"எடுத்தாச்சு," என்றார் தாடிக்காரர், உதவி செய்கிற எண்ணத்தில். "இவரை."

மெரின் கேமராவைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். நாய்மேல் கிடந்த துவாலையைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"மெரின், கண்ணு, கார்ல புது பிலிம் இருக்கு. நீ மறுபடி லேசா இடுப்பளவு இறங்கி ஏறினா..."

"இது தண்ணி தாங்கும்னு சொன்னியே?"

"தாங்கும். ஆனா..."

அந்த 'ஆனா'வோடு கேமரா தாடிக்காரர் கையிலிருந்து மெரின் கைக்குப் போய், அங்கிருந்து ஆற்றுக்குப் போய்விட்டது. ஒரு ஆற்றையே தள்ளிக்கொண்டு வந்த தோள். சும்மாவா? மஞ்சளாக உயரப் பறந்து, வெகுதூரத்தில் 'தொபுக்'.

வார்விக் பூட்ஸோடும் கோட்டோடும் பாய்ந்தார். தாடிக்காரர், "வளையம்! வளையம்!" என்று அலறிக்கொண்டு பாய்ந்தார். துவாலையைப் போர்த்துக்கொண்டே நாய் பாய்ந்தது. கேமரா சொன்னபடி மிதந்தது. நாய் இருவரையும் முந்தி அதைக் கவ்விக்கொண்டு வந்து, யாரிடம் நியாயம் இருக்கிறது என்று தெரிந்ததுபோல மெரின் காலடியில் வைத்தது. பல் பதிந்த இடத்தைத் தவிர ஒரு கீறல் இல்லை. ஹோபார்ட்டில் தினமும் கையோடு கொண்டுபோகத் தகுந்த உறுதியான கேமரா எது என்ற கேள்விக்கு அன்றைக்குத்தான் விடை கிடைத்தது. சோதித்தவர் மெரின்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குளிரில் நடுங்கிக்கொண்டே, என் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆனால் சூடான சிப்ஸ் ஒரு பொட்டலம் தீர்கிற வரை கணவரோடு பேசவில்லை. ஒரு சிப்ஸ்கூடத் தரவும் இல்லை.

பிலிம் கழுவி வந்தது. சுவர், சுவர், பறவை, சுவர். கடைசிப் படம். தாடிக்காரர் காதுக்காக அமுக்கினாரே தவிர கண்ணால் பார்த்து அமுக்கவில்லை. கேமரா ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. வார்விக் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, மங்கலாக ஒரு பெரிய காதும் பாதிச் சிரிப்புமாக நிற்கிறார். நடுவில், அவர் தோளைத் தாண்டி, கேமரா தானாகவே கண்டுபிடித்துக் கூர்மையாகப் பிடித்திருந்தது மெரினை. இடுப்பளவு தண்ணீர், வானத்துக்கு உயர்ந்த இரண்டு கை, தெறிக்கிற ஒவ்வொரு துளியும் எண்ணலாம். முகத்தில் அந்தச் சிரிப்பு முழுசாக இருந்தது. மெரின் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு, "நான்தான் இது," என்றார்.

படத்தை மெரின் வீட்டில் மாட்டவில்லை. வார்விக்கின் பல் ஆஸ்பத்திரியில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில், பெரிதாக மாட்டிவிட்டார். வருகிறவர்கள் எல்லாரும், "யாருங்க இந்தம்மா?" என்று கேட்கிறார்கள். அடுத்து, "இந்தக் காது யாரோடது?" வார்விக் வாயே திறப்பதில்லை. போன வாரம் நான் பல்லுக்காகப் போனபோது மட்டும் கிட்டே வந்து கிசுகிசுத்தார். "மூலையைப் பாத்தியா ட்ரெவர்? என்ன கூர்மை! அந்த மஞ்சளை மிஞ்ச ஆளில்லை." நான் சந்தோஷப்பட்டேன். அப்படியானால் தேடல் முடிந்தது? "முடிஞ்ச மாதிரிதான். ஆனா, நாய் கடிச்சது பாரு, மனசு ஒட்டலை." சட்டைப்பை புடைத்திருந்தது. லாவெண்டர் வாசனை வந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குக் கேமரா ஆசையெல்லாம் கிடையாது. நல்லது. நடக்கப் போவதற்கு ஏற்ற செருப்பை எத்தனை மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? எழுதப்போகும் பெரிய விஷயத்துக்குப் பொருத்தமான பேனா கிடைத்துவிட்டதா? இப்போதும் போனில் எதையோ இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தானே இதைப் படிக்க வந்தீர்கள்? போகட்டும், நான் யாரையும் சொல்லவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். ஒருமுறை திரும்பிப் பாருங்கள், உங்கள் முதுகுக்குப் பின்னால் யாராவது கரையேறிக்கொண்டிருக்கப் போகிறார்கள். திரும்பாவிட்டால் படத்தில் உங்கள் காது மட்டும்தான் விழும்.